வாசகர் கேள்வி–பதில்: வீடு போகுமுன் விலையை யார் சொல்வது?

கேள்வி: எங்கள் தோட்டம் கைமாறப் போகிறது, லயத்தை இடித்துவிட்டு வீடமைப்புத் திட்டம் வரும் என்று பேச்சு அடிபடுகிறது. சீனாவில் பட்டணத்தையே இடித்துக் கட்டுகிறார்களே, அங்கே குடியிருந்தவர்களுக்கு என்ன கிடைக்கிறது? விலையை யார் முடிவு செய்கிறார்கள்?
– வாசகி, பேராக் தோட்டப்புறம்

பதில்: சீனாவில் நகர நிலம் அரசுக்குச் சொந்தம், 1982 அரசியலமைப்பே அப்படித்தான் சொல்கிறது. மக்கள் கையில் இருப்பது வீடும், நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையும்தான். குடியிருப்பு நிலத்துக்கு அது 70 ஆண்டு. 2011க்கு முன்பு மேம்பாட்டாளரே இடிக்கும் அனுமதியை வாங்கி, வீடு வீடாக ஆள் அனுப்பிப் பேரம் பேசலாம். மசியாதவர் வீட்டில் தண்ணீரும் மின்சாரமும் நின்றுபோகும். 2007இல் சோங்சிங் நகரில், நாலாபுறமும் மண்ணை வெட்டியெடுத்த பள்ளத்தின் நடுவே இரண்டு மாடிச் செங்கல் வீடு ஒன்று தனியே நின்ற படம் உலகம் முழுக்கப் பரவியது.

2011 ஜனவரியில் புது விதிமுறை வந்தது. வீட்டை எடுக்கும் அதிகாரம் நகர, மாவட்ட அரசுக்கு மட்டுமே. குடிபெயர்ப்பில் மேம்பாட்டாளர் தலையிடக் கூடாது. இழப்பீட்டுத் திட்டத்தை வெளியிட்டு, குறைந்தது 30 நாள் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். வீட்டின் விலையைக் கணிக்கும் மதிப்பீட்டாளரை வீட்டு உரிமையாளர்களே பேசித் தேர்ந்தெடுக்கலாம்; ஒத்துவராவிட்டால் பெரும்பான்மை வாக்கு, அல்லது சீட்டுக் குலுக்கல். அறிவிப்பு வந்த நாளின் சந்தை விலைக்குக் கீழே போகக் கூடாது. பணமா, மாற்று வீடா என்பது உரிமையாளர் விருப்பம். இழப்பீடு முதலில், வீடு காலி செய்வது பிறகு. இந்த வரிசைதான் உயிர்நாடி என்று நினைக்கிறோம். பணம் கைக்கு வருமுன் சாவியைக் கொடுத்தவருக்குப் பேரம் பேச எதுவும் மிஞ்சாது.

கோளாறும் உண்டு. நிலத்தை எடுக்கும் நகர அரசே அதன் பயன்பாட்டு உரிமையை விற்று வருமானம் பார்க்கிறது. இழப்பீடு உரிமையாளருக்குத்தான், குவாங்சோ, ஷென்சென் நகரங்கள் வளர்ந்து சூழ்ந்துகொண்ட பழைய கிராமங்களில் வாடகைக்கு இருந்த வெளியூர்த் தொழிலாளிகள் பெரும்பாலும் வெறுங்கையோடு வெளியேறினார்கள்.

லயத்தில் இருக்கும் உங்கள் நிலையும் அவர்களுடையதுதான். தோட்டத்தைத் தனியாருக்கு விற்றால், அரசு நிலம் எடுப்பதற்கான மலேசியாவின் 1960 நில எடுப்புச் சட்டம் அதில் நுழையாது. ஆகவே முதலில் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். சம்பளச் சீட்டு, பழைய மின் பில், முகவரி உள்ள கடிதம் எதையும் வீசாதீர்கள். தொழிற்சங்கத்தோடு சேர்ந்து, மாற்று வீடு எங்கே, எத்தனை சதுர அடி, சாவி எந்தத் தேதியில் என்று எழுத்தில் வாங்குங்கள். கூட்டத்தில் வாயால் சொன்ன வாக்குறுதி, தோட்டம் மறுபடி கைமாறினால் புது முதலாளியைக் கட்டுப்படுத்தாது.

கேள்வி: சீனாவில் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட முடியுமா?
– வாசகர், கெடா

பதில்: முடியும். 1990 அக்டோபரிலிருந்து அதற்கென்றே ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. ஆனால் நீதிமன்றம் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமைக்கு உட்பட்டது. அதனால் திட்டமே வேண்டாம் என்று வாதாடுவதைவிட, மதிப்பீடு தவறு, 30 நாள் அவகாசம் தரவில்லை என்று நடைமுறைக் குறையைப் பிடிப்பவருக்கே வாய்ப்பு அதிகம்.