துயரத்தை ஆராயப் பல்கலைக்கழகம் போக விரும்பும் மகள்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மையாருக்கு,

வணக்கம். இங்கே சிங்கப்பூரில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், மெய்யியல் பட்டப்படிப்பில் சேர்ந்து மரணம், இழப்பு, துயரம் ஆகியவற்றை ஆராய விரும்புவதாகச் சொன்ன நாளிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் இரண்டு அச்சங்கள் தெரிகின்றன. இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்பது ஒன்று. சென்ற ஆண்டு பாட்டி இறந்த துக்கத்திலிருந்து பிள்ளை மீளாததால்தான் இப்படிக் கேட்கிறாளோ என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு விடை தெரியாமல் முதலாவதைப் பேசிப் பயனில்லை.

"எவ்வளவு நாள் அழலாம் என்று யார் முடிவு செய்வது?" என்று அவள் கேட்டதை நீங்கள் கலக்கத்தோடு குறிப்பிட்டிருக்கிறீர்கள். எனக்கோ அது இந்தத் துறையின் வாசலிலேயே நிற்கும் கேள்வியாகத் தோன்றுகிறது. 2022 முதல் நடப்பில் இருக்கும் உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, நீடித்த துயரத்தை ஒரு மனநலக் கோளாறாகச் சேர்த்து, அதற்குக் குறைந்தது 6 மாதம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதே ஆண்டு வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் திருத்தப்பட்ட கையேடு, பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. நம் குடும்பங்களிலோ தலைத்திவசம் முடியும்வரை தீபாவளி கொண்டாடுவதில்லை. அன்பின் இயல்பான தொடர்ச்சி எங்கே முடிந்து நோய் எங்கே தொடங்குகிறது என்பதை மருத்துவம் மட்டும் முடிவு செய்துவிட முடியாது. அந்த எல்லையை எந்த நியாயத்தின்மேல் வகுப்பது என்று கேட்பது மெய்யியலின் வேலை.

இது மேல்நாட்டார் புதிதாகக் கண்டுபிடித்த கவலையும் அன்று. புறநானூற்றின் 245ஆம் பாடலில், மனைவியை ஈமத்தீயில் இட்டுவிட்டு வந்த சேரமன்னன் மாக்கோதை, என் துன்பம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் என் உயிரைப் போக்கும் வலிமை அதற்கு இல்லையே, நான் இன்னும் வாழ்கிறேனே, இது என்ன இயல்பு என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். இழப்பிலிருந்து நாம் தேறிவிடுவது நம் அன்பின் குறையைக் காட்டுகிறதா என்ற அதே கேள்வியை இன்றைய மெய்யியலாரும் ஆய்விதழ்களில் விவாதிக்கிறார்கள். உங்கள் மகள் தமிழ் இலக்கியத்தைப் பாடமாக எடுத்திருந்தால், இந்த இடத்தில் மற்ற மாணவர்களுக்கு இல்லாத ஒரு கைமுதல் அவளுக்கு இருக்கிறது.

ஆயினும் படிப்பு துக்கத்துக்கு மருந்தாகாது என்பதை அவளிடம் சொல்லிவிட வேண்டும். உறக்கம், உணவு, வகுப்பு ஆகியவை இன்னும் சீராகவில்லை என்றால், பல்கலைக்கழகப் பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் கல்லூரி ஆலோசகரையோ பலதுறை மருந்தக (பாலிகிளினிக்) மருத்துவரையோ பாருங்கள். இறந்தவர் உங்கள் கணவரின் தாயார். ஆனால் இதைப் பற்றிக் கணவர் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட உங்கள் கடிதத்தில் இல்லை. மகளோடு பேச உட்காரும்போது அவரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

பாடத்திட்டத்தைப் பற்றியும் அவளுக்கு ஒரு தெளிவு தேவை. துயரத்தை மட்டுமே படிக்கும் இளநிலைப் பட்டம் இங்கே இல்லை. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் மெய்யியலை முதன்மைப் பாடமாகப் படிக்கலாம். ஆனால் தருக்கம், அறவியல், அறிவாராய்ச்சி ஆகியவற்றைக் கடந்த பிறகே, இறுதியாண்டு ஆய்வேட்டில் தனக்குப் பிடித்த பொருளுக்கு அவள் வர முடியும். துயரத்தின் 'ஐந்து கட்டங்கள்' என்று பலரும் சொல்லும் கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அதை வெளியிட்டபோது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசியதன் அடிப்படையில்தான் எழுதினார். பின்னர் அது உறவினரை இழந்தோருக்கும் பொதுவான விதிபோலப் பரவிவிட்டது. ஓரிடத்துக்குச் சொன்னது மற்றோர் இடத்துக்குப் பொருந்துமா என்று பிரித்துப் பார்ப்பதே அங்கு கிடைக்கும் பயிற்சி. அந்த உலர்ந்த வேலை அவளுக்குப் பிடிக்கிறதா என்பதுதான் சோதனை.

இனி வேலை. மெய்யியல் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மனநல ஆலோசகராகவோ சமூக ஊழியராகவோ உளவியலாளராகவோ ஆக முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனிப் படிப்பும் கண்காணிப்பின்கீழ்ப் பயிற்சியும் வேண்டும். துக்கத்தில் இருப்பவர்களின் அருகில் உட்கார வேண்டும் என்பதே அவள் ஆசையானால், சமூகப்பணியையோ உளவியலையோ முதன்மைப் பாடமாகவும் மெய்யியலை இரண்டாம் பாடமாகவும் எடுப்பதே நேரான வழி. தேசியப் பல்கலைக்கழகத்தின் மானுடப்புல, அறிவியல் கல்லூரியில் முதன்மைப் பாடம் எது என்பதைச் சேர்ந்த பிறகு முடிவு செய்யலாம் என்பதால், இதை இன்றே தீர்த்தாக வேண்டிய அவசரமும் இல்லை. மருத்துவமனையில் நிகழும் மரணங்களின் விகிதத்தை 61 விழுக்காட்டிலிருந்து 51 விழுக்காட்டுக்குக் குறைக்கும் இலக்கைச் சுகாதார அமைச்சு 2023இல் அறிவித்தது. வீட்டிலேயே இறக்க விரும்புவோர் கூடும்போது அந்திமகாலப் பராமரிப்புக்கு ஆட்கள் தேவைப்படுவார்கள். அவர்களில் தமிழ் பேசுவோரும் வேண்டும்.

சிந்தனையும் எழுத்துமே பிடிக்கும் என்றால் பொதுச்சேவை, கொள்கை ஆய்வு, பதிப்பு, ஆசிரியப் பணி ஆகியவை திறந்திருக்கின்றன. மருத்துவ அறவியலும் உண்டு. ஆனால் அதில் இடங்கள் மிகச் சில, பெரும்பாலும் முதுநிலைப் பட்டத்துக்குப் பிறகே. பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வை நீங்களே படித்துப் பாருங்கள். மொத்த விகிதத்தோடு நிற்காமல், நிரந்தர முழுநேர வேலை என்று தனியாகத் தரப்படும் எண்ணையும் பாருங்கள். மெய்யியல் போன்ற மானுடப்புலத் துறைகளின் உண்மை நிலை அங்கேதான் தெரியும்.

பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழகத்தில் துயரத்தின் அனுபவம் பற்றிய மெய்யியல் ஆய்வுத் திட்டம் நடந்ததை அறிந்து, அங்கேயே போக வேண்டும் என்கிறாளாம். இளநிலைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. குடிமக்களுக்குக் கல்விக் கட்டண மானியம் போக இங்கே ஆண்டுக்கு 8,000 சிங்கப்பூர் வெள்ளிக்குச் சற்று மேல்தான் ஆகும்; அங்கே வெளிநாட்டு மாணவருக்குரிய முழுக் கட்டணமும் தங்கும் செலவும் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். முதுநிலைக்கு அப்போது யோசிக்கலாம்.

தொடக்கக் கல்லூரியின் இறுதித் தேர்வான 'ஏ' நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்த பிறகு விண்ணப்பிக்கச் சில வாரங்களே இருக்கும். அதற்கு முன், டிசம்பர் விடுமுறையில், தன் கேள்விக்குத் தானே எதிர்வாதமும் சேர்த்து நான்கு பக்கம் எழுதச் சொல்லுங்கள். விரும்பினால் எனக்கு அனுப்பட்டும். படித்துவிட்டு, எந்தப் பாடத்தை முதல் தெரிவாகப் போடலாம் என்று மூவரோடும் பேசுகிறேன்.