கையெழுத்துப் போட்டவர்கள் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் செம்பூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி அலுவலன். 1978-இல் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்து, ஃபோர்ட்டில் ஒரு வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தேன். 1990 முதல் 1992 வரை அதன் முதலீட்டுப் பிரிவில் இருந்தேன். சென்ற மாதம் என் பேரனோடு அமர்ந்து ‘ஸ்காம் 1992’ தொடரைப் பார்த்தேன். அவனுக்கு அது மூன்றாவது முறை. அவனுடைய கைபேசி அடித்தாலே அந்தத் தொடரின் இசைதான் கேட்கிறது. வங்கிகளின் பணத்தைப் பங்குச் சந்தையில் பாய்ச்சிய தரகர் ஹர்ஷத் மேத்தாவின் கதை அது. அவரை அவன் ஒரு மாவீரனைப் போலப் பேசுகிறான்.

எனக்கு இரண்டு இரவுகள் உறக்கம் வரவில்லை. அந்த நாட்களில் என் மேசைக்கு வந்த ரசீதுகளில் நானும் கையெழுத்திட்டிருக்கிறேன். பத்திரம் கைவசம் இருக்கிறதா என்று பார்க்காமல், தரகரின் ஆள் சொன்னதை நம்பி, மேலதிகாரி தலையசைத்ததும் கையெழுத்திட்டேன். ஒரு ரூபாய்கூட வாங்கியதில்லை. விசாரணைக்கு வந்தவர்கள் என்னிடம் இரண்டு நாட்கள் கேள்வி கேட்டார்கள். பிறகு யாரும் என்னை அழைக்கவில்லை. அந்தத் தொடரில் எங்களைப் போன்றவர்களே இல்லை.

ஊழலைப் படமாக எடுப்பதால், ஊழல் செய்தவனுக்குப் புகழ் சேர்வதைத் தவிர வேறு என்ன நடந்திருக்கிறது? ‘இந்தியன்’ பார்த்துக் கைதட்டிய தலைமுறைதானே நாங்கள்? என் பேரனிடம் நான் என்ன சொல்வது? என் பெயரையும் வங்கியின் பெயரையும் வெளியிட வேண்டாம்.

— செம்பூர் வாசகர்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை மூன்று வாரங்கள் மேசைமீதே வைத்திருந்தேன். உடனே பதில் எழுதக்கூடிய கடிதமாக அது இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொடரில் உங்களைப் போன்றவர் ஒருவர் இருக்கிறார். தொடரே அவரிலிருந்துதான் தொடங்குகிறது. பாரத ஸ்டேட் வங்கியின் ஊழியர் ஒருவர், தான் அறிந்துவிட்ட ஒன்றைச் சுமக்க முடியாமல், நாளிதழ் அலுவலகத்துக்குள் தயங்கித் தயங்கி நுழைகிறார். யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. 500 கோடி ரூபாய் என்ற தொகையைச் சொல்லும்போது அவருடைய குரல் நடுங்குகிறது. பத்துப் பகுதிகள் கொண்ட அந்தத் தொடரில் என்னை மிகவும் பாதித்த முகம் அவருடையதுதான். ஆனால் தொடர் அவரோடு நெடுநேரம் நிற்பதில்லை. வொர்லி கடலோர வீட்டையும் லெக்சஸ் காரையும் நோக்கிப் போய்விடுகிறது. உங்கள் வருத்தத்தின் காரணம் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இளைய வாசகர்களுக்காக, உங்கள் மேசைக்கு வந்த காகிதம் எது என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஒரு வங்கிக்குப் பதினைந்து நாட்களுக்குப் பணம் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது தன்னிடமுள்ள அரசுக் கடன் பத்திரங்களை இன்னொரு வங்கிக்கு விற்று, பதினைந்து நாட்கள் கழித்துச் சற்றுக் கூடுதலான விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொள்ளும். இதற்கு ‘ரெடி ஃபார்வர்டு’ என்று பெயர். பெயரளவில் விற்பனை, உண்மையில் கடன். பத்திரம் கைமாறியதைப் பதிவு செய்ய வேண்டிய இடம் ரிசர்வ் வங்கியின் பொதுக்கடன் அலுவலகம். அங்கே பேரேடுகள் கையால் எழுதப்பட்டதால் பதிவுகள் தாமதமாயின. அந்தத் தாமதத்தைக் கடக்க, ‘பணம் பெற்றுக்கொண்டோம், பத்திரம் உங்களுக்காக எங்களிடம் இருக்கிறது’ என்று விற்ற வங்கி ஒரு ரசீது எழுதிக் கொடுத்தது. அதுதான் பேங்க் ரிசீட். உங்கள் அலுவலக மொழியில் பி.ஆர்.

தொடக்கத்தில் அது ஒரு வசதிதான். இரண்டு வங்கிகளைச் சேர்த்துவைப்பது மட்டுமே தரகரின் வேலை. நாளடைவில் யாரிடமிருந்து வாங்குகிறோம், யாருக்கு விற்கிறோம் என்பதே வங்கிகளுக்குத் தெரியாத நிலை வந்தது. வங்கியின் பெயரில் எழுதப்பட்ட காசோலை தரகரின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. கராட் வங்கியும் மெட்ரோபாலிட்டன் கூட்டுறவு வங்கியும் பத்திரமே இல்லாமல் பி.ஆர். எழுதிக் கொடுத்தன. அந்தப் பணம் பங்குச் சந்தைக்குள் பாய்ந்ததில், 1992 ஏப்ரலில் பம்பாய்ப் பங்குச் சந்தையின் குறியீட்டெண்ணான சென்செக்ஸ் 4,400 புள்ளிகளைத் தாண்டியது. அதே மாதம் 23-ஆம் தேதி, இந்த மோசடியை வெளிக்கொண்டுவந்து பத்திரிகையாளர் சுசேதா தலால் எழுதிய செய்தி வெளிவந்தது. பிறகு ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநர் ஜானகிராமன் தலைமையிலான குழு ஆராய்ந்தபோது, கணக்கில் சிக்கிய தொகை 4,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று தெரிந்தது. இத்தனைக்கும் 1991-லேயே ரிசர்வ் வங்கி இந்தப் பத்திரப் பரிமாற்றங்கள் குறித்து வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. சுற்றறிக்கைகள் கோப்பில் சேர்க்கப்பட்டன. பி.ஆர்.கள் தொடர்ந்து எழுதப்பட்டன.

இதைச் செய்வதற்கு ஒரு தரகரின் துணிச்சல் மட்டும் எப்படிப் போதும்? பல வங்கிகளில், பல மேசைகளில், ஒரு ரூபாயும் வாங்காத பலர், இது வழக்கம்தான் என்று நம்பிக் கையெழுத்திட்டால்தான் இது நடக்கும். நிறுவன ஊழலின் உடல் அந்த வழக்கம்தான். திரையில் வர வேண்டியதும் அதுவே என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் திரைக்கு வழக்கத்தைக் காட்டுவது கடினம். மனிதனைக் காட்டுவது எளிது. கதை எழுதுகிறவன் என்பதால் அந்தக் கடினம் எனக்குத் தெரியும். வளர்ந்து, ஆடி, விழுகிற ஒருவன் கிடைத்துவிட்டால் பத்து மணி நேரத்தை நிரப்பிவிடலாம். இறந்துபோனவரைப் பற்றி எடுப்பதில் சட்டச் சிக்கலும் குறைவு. உயிரோடு இருப்பவர்கள் நீதிமன்றத்துக்குப் போவார்கள். 2020-இல் நெட்ஃபிளிக்ஸ் இந்தியத் தொழிலதிபர்களைப் பற்றிய ஆவணத் தொடர் ஒன்றை வெளியிட்டபோது, சத்யம் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவரைப் பற்றிய பகுதி ஹைதராபாத் நீதிமன்றத்தின் தடையால் நின்றுபோனது. ஹர்ஷத் மேத்தா 2001 டிசம்பரில் இறந்துவிட்டார். அவர் மீது எவ்வளவு வெளிச்சம் போட்டாலும் வங்கிகளின் முதலீட்டுப் பிரிவுகள் இருட்டிலேயே இருக்கும். உங்கள் பேரன் அவரை வியப்பது அவனுடைய குற்றமன்று. வியப்பதற்கு வேறு எவரையும் அவனுக்குக் காட்டவில்லை.

‘இந்தியன்’ பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1996-இல் கிங்ஸ் சர்க்கிள் அரோரா திரையரங்கில் என் தந்தையோடு அதைப் பார்த்தேன். சேனாபதி கத்தியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அரங்கம் எழுந்தது. என் தந்தை கண்கலங்கக் கைதட்டினார். அவர் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கெழுதினார். கேட்டில் கொடுப்பதும், எடைமேடையில் கொடுப்பதும், கோப்பு நகர்வதற்காகக் கொடுப்பதும் அவருடைய பேரேட்டில் ‘இதரச் செலவுகள்’ என்ற தலைப்பின்கீழ் வரும். பேச்சில் அதற்குப் பெயர் சாய்-பானி. படம் பார்த்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளும் அவர் தம் அழகான கையெழுத்தில் அந்தத் தலைப்பின்கீழ் ஒரு தொகையை எழுதியிருப்பார். அவருடைய கண்ணீரும் உண்மை, அந்தப் பதிவும் உண்மை. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பதற்கு அந்தப் படம் இடம் கொடுத்தது என்பதுதான் என் குறை. லஞ்சம் வாங்குகிறவன் கெட்டவன். அவன் வேறு யாரோ. அவனைக் கொல்ல ஒருவர் வருவார். என் தந்தை அந்தக் கதையில் எங்குமே இல்லை.

ஆயினும் அந்தப் படத்திலேயே அதை மீறுகிற ஓர் இடம் உண்டு. சேனாபதியின் மகன் சந்துரு தொடக்கத்தில் ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் இடைத்தரகு செய்து பிழைக்கிறவன். பிறகு வாகன ஆய்வாளராகி, பிரேக் சரியில்லாத பேருந்துக்குப் பணம் பெற்றுக்கொண்டு சான்றிதழ் தருகிறான். பள்ளிக் குழந்தைகள் இறக்கிறார்கள். அவன் அரக்கன் இல்லை. அன்புள்ள மகன், காதலன், வேலைக்கு ஏங்கியவன். ஒரு கையெழுத்துக்கும் சில சவங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைத் தமிழ்த் திரை அளந்து காட்டிய அரிய இடம் அது. ஆனால் அடுத்து வருவது தந்தை மகனைக் கொல்லலாமா என்ற கேள்விதான். அந்த அலுவலகத்தில் அடுத்த நாள் சந்துருவின் நாற்காலியில் யார் உட்கார்ந்தார் என்று படம் கேட்கவில்லை.

அதைக் கேட்ட படம் ‘விசாரணை’. பலரும் அதன் முதற்பாதியின் அடி உதைகளையே நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் திரும்பத் திரும்ப நினைப்பது இரண்டாம் பாதியில் வரும் ஆய்வாளர் முத்துவேலை. ஆந்திரக் காவலர்களிடம் சிக்கிய அப்பாவிகளை மீட்க உதவியவர் அவர்தான். அதே மனிதர், தம் காவல்நிலையத்தில் ஒரு தணிக்கையாளர் அடைந்த மரணத்தை மூடி மறைக்கும் வேலைக்குள் படிப்படியாக இழுக்கப்படுகிறார். ஒவ்வொரு படியிலும் அவருக்குச் சிறிய தயக்கம் வருகிறது. ஒவ்வொரு படியிலும் மேலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது. முடிவில் அவரும் மிஞ்சவில்லை. சமுத்திரக்கனி அந்தத் தயக்கங்களை முகத்திலேயே காட்டினார். தேசிய விருதும் பெற்றார். ஐயா, நீங்கள் தேடிய மனிதர் அந்தப் படத்தில் இருக்கிறார். பார்க்கவில்லை என்றால் பாருங்கள். தனியாகப் பார்க்க வேண்டாம்.

நம் நகரத்தையே களமாகக் கொண்ட இந்திப் படம் ‘ஜானே பி தோ யாரோ’ 1983-இலேயே வந்துவிட்டது. சான்று கையில் இருந்தால் போதும் என்று நம்பும் இரண்டு புகைப்படக்காரர்கள், கட்டட முதலாளி, மாநகராட்சி, பத்திரிகை, காவல்துறை எல்லாரும் ஒன்றாகிவிடுவதைக் கண்டு சிறைக்குப் போகிறார்கள். சிரித்துக்கொண்டே பார்த்துவிட்டு, கடைசிக் காட்சியில் சிரிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

படம் எடுப்பதால் என்ன நடந்தது என்ற உங்கள் கேள்விக்கு, வேறொரு நாட்டிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. பிரிட்டனில் தபால் துறைக்காகக் கிளை நடத்தும் சிறு கடைக்காரர்கள் உண்டு. அவர்களில் நம் நாட்டுப் பூர்வீகம் கொண்டவர்களும் பலர். 1999 முதல் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ‘ஹொரைசன்’ என்ற ஃபுஜிட்சு மென்பொருள் கணக்கில் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. மென்பொருள் தவறாது என்று துறை சாதித்தது. 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு என்று குற்றத் தீர்ப்புப் பெற்றார்கள். சிலர் சிறை சென்றார்கள், சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்களிடம், உங்களுக்கு மட்டும்தான் இந்தச் சிக்கல் என்று சொல்லப்பட்டது. 2009-லேயே ஒரு கணினி இதழ் இதை எழுதியது. 2019-இல் உயர் நீதிமன்றம் மென்பொருளில் பிழைகள் இருந்ததை உறுதி செய்தது. அப்போதும் பெரும்பாலோரின் குற்றத் தீர்ப்பு அப்படியே இருந்தது. 2024 ஜனவரி முதல் வாரத்தில் ஐ.டி.வி. தொலைக்காட்சி இதைப் பற்றி நான்கு பகுதிகள் கொண்ட ஒரு நாடகத் தொடரை ஒளிபரப்பியது. அடுத்த வாரமே பிரதமர் நாடாளுமன்றத்தில் சட்டம் கொண்டுவருவதாக அறிவித்தார். மே மாதம் அத்தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாக நீக்கும் சட்டம் நிறைவேறியது.

அந்தத் தொடரில் கத்தியோ வீர வசனமோ இல்லை. ஒரு கிராமத்துக் கடையில் ஒரு பெண் உதவி எண்ணை அழைத்துக்கொண்டு, அவர்கள் சொல்கிறபடியே பொத்தான்களை அழுத்துகிறாள். அவளுடைய கண்முன்னால் பற்றாக்குறைத் தொகை இரண்டு மடங்காகிறது. பதினைந்து ஆண்டுகளாகக் கட்டுரைகளால் புரியவைக்க முடியாத ஒன்று அந்த ஒரு நிமிடத்தில் ஒரு நாட்டுக்கே புரிந்தது. ஒரு கணக்குத் திரையைப் படம் பிடித்தே இதைச் செய்ய முடியுமென்றால், ஒரு பி.ஆர். ரசீதைப் படம் பிடித்தும் செய்ய முடியும். நம்மிடம் அதை யாரும் இன்னும் பொறுமையாகச் செய்யவில்லை.

உங்கள் பேரனுக்கு அறிவுரை எதுவும் சொல்ல வேண்டாம். அவன் நான்காம் முறை அந்தத் தொடரை ஓடவிடும்போது, நாளிதழ் அலுவலகத்துக்குள் அந்த ஊழியர் நுழையும் இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு வெள்ளைத் தாளில், அந்த நாளில் எழுதியதைப் போலவே ஒரு பி.ஆர். எழுதுங்கள்: இன்ன பத்திரம், இத்தனை கோடி, இன்ன தேதி. கீழே உங்கள் கையெழுத்தைப் போட்டு அவனிடம் கொடுங்கள். ஹர்ஷத் மேத்தாவைப் பற்றி நீங்கள் எதுவும் பேச வேண்டியிருக்காது. பத்திரம் எங்கே என்று அவனே கேட்பான்.

அவன் கேட்டபின் நீங்கள் சொல்வதை எனக்கும் எழுதி அனுப்புங்கள். உங்கள் கையெழுத்துக்காக உங்களைத் தண்டிக்க வேண்டி இதைக் கேட்கவில்லை. அந்த அறையில் எத்தனை மேசைகள் இருந்தன, தரகரின் ஆள் எத்தனை மணிக்கு வருவார், எந்த மொழியில் பேசுவார், நீங்கள் முதன்முதலாகத் தயங்கியபோது ‘வழக்கம்தான், போடுங்க சார்’ என்று சொன்னவர் யார், அவருடைய முகம் எப்படியிருந்தது என்பதெல்லாம் விசாரணைக் குழுவின் அறிக்கையில் இல்லை. உங்களிடம் மட்டும்தான் இருக்கின்றன. பக்கக் கணக்குப் பார்க்க வேண்டாம். உங்கள் பெயரும் வங்கியின் பெயரும் இல்லாமலேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
மாட்டுங்கா, மும்பை