கம்பியில் கைலி, கடாரத்துத் தோரணம்

கேள்வி (வாசகர், கிள்ளான்): எங்கள் அடுக்குமாடியில் வங்காளதேசத் தொழிலாளர்கள் குடிவந்திருக்கிறார்கள். படிக்கட்டுக் கம்பியில் கைலியைக் காயப்போடுகிறார்கள்; நடு இரவில் போனில் சத்தம் போட்டுப் பேசுகிறார்கள். நாமோ கடாரம் வென்ற பரம்பரை, ஐயாயிரம் ஆண்டு நாகரிகத்துக்குச் சொந்தக்காரர்கள். நாகரிகம் தெரியாத இவர்களோடு எப்படி ஐயா குடியிருப்பது?

பதில்: முதலில் கைலி. ஒரே வீட்டில் அத்தனை பேரை அடைத்து வைத்தால் துணியை எங்கே உலர்த்துவார்கள்? பின்பக்கம் கொடி கட்டித் தரும்படி குடியிருப்பு நிர்வாகத்திடம் கேளுங்கள். இரவுச் சத்தத்துக்கு நேரில் போய், பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள். மலாய் மொழி அவர்களில் பலருக்கு நன்றாகவே புரியும்.

இனி கடாரம், அதாவது இன்றைய கெடா. இராசேந்திர சோழனின் கப்பற்படை 1025 வாக்கில் இந்தப் பக்கம் வந்தது உண்மைதான். வந்து என்ன செய்தது என்பதை அவனுடைய கல்வெட்டுப் புகழுரையான மெய்க்கீர்த்தியே ஒளிக்காமல் சொல்கிறது: கடாரத்து அரசனை யானைகளோடு பிடித்தது, அவன் சேர்த்து வைத்த செல்வத்தை அள்ளியது, ஊர் வாசலில் இருந்த விச்சாதிரத் தோரணத்தைக் கைப்பற்றியது. அடுத்தவன் ஊர் வாசலில் கை வைத்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நாம், கம்பியில் கைலி போட்டவனுக்கா பாடம் நடத்துவது?

ஐயாயிரம் ஆண்டுக் கணக்கும் அப்படித்தான். சிந்துவெளியின் மொகஞ்சதாரோவில் செங்கல்லால் கட்டி மூடிய சாக்கடை ஓடியது. நகரம், எழுத்து, சாக்கடை இவற்றைப் பார்த்து ஓர் இடத்தையும் காலத்தையும் நாகரிகம் என்று அகழ்வாராய்ச்சியாளர்கள் குறிக்கிறார்கள். அதைப் பாட்டி நகையைப் போல எடுத்து நம் கழுத்தில் மாட்டிக்கொள்ள முடியாது.

நீங்கள் கிள்ளான்காரர் என்பதால் உங்கள் ஊர்க் கதை ஒன்று. 1941இல் உங்களைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, கள்ளுக்கடையை மூடுவது, பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்துவது என்று கோரிக்கைகள் நீண்டன. அவற்றில் ஒன்று, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. அதுவும் சொந்தக் காசில் வாங்கிய சைக்கிள்! தலைவர் ஆர்.எச்.நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். உத்தரவு போட்டவர்கள் முள்கரண்டி பிடிக்கத் தெரிந்த கனவான்கள். அவர்கள் கண்ணுக்கு, தோட்டத்துக் குடியிருப்பான லயத்து வாசலில் துணி காயப்போட்டு இரைந்து பேசிய நாம்தான் நாகரிகம் தெரியாதவர்கள்.

என் அப்பா காப்பார் பக்கம் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். நாடு சுதந்திரம் அடைந்து பல வருடம் கழிந்த பிறகும், மேனேஜர் கார் வரும் ஓசை கேட்டாலே அவருடைய இடது கால் தானாகத் தரையில் ஊன்றிவிடும். காருக்குள் இருந்தவர் அப்போது வெள்ளைக்காரர்கூட இல்லை. ஆகையால் யாராவது யாரையாவது நாகரிகம் தெரியாதவர் என்று சொன்னால், இருவரில் யார் யாருக்குச் சம்பளம் கொடுக்கிறார் என்று விசாரிப்பது என் பழக்கம்.

கேள்வி (கல்லூரி மாணவி, ஆயர் ஈத்தாம், பினாங்கு): ஓராங் அஸ்லி (மலேசியத் தீபகற்பத்தின் பழங்குடியினர்) பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். எழுத்து இல்லாத மக்களை நாகரிகம் அடைந்தவர்கள் என்று சொல்லலாமா?

பதில்: எழுத்தை எல்லைக்கல்லாக நட்டவர்களில் ஒருவர் லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்கர், 1877இல். காட்டுமிராண்டி நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என்று மூன்று படி வைத்தார். முடிச்சிட்ட கயிறுகளைக் கொண்டே ஒரு பேரரசின் கணக்கு வழக்கைப் பார்த்த இன்காக்களுக்கு அவருடைய மேல்படியில் இடமில்லை! நம் தீபகற்பத்திலேயே 19ஆம் நூற்றாண்டில் ஓராங் அஸ்லி பிள்ளைகளை அடிமைகளாகப் பிடித்துப் போனவர்கள் எழுத்து உள்ள சமூகத்தார்தாம். பேராக், பகாங் மலைகளில் வாழும் ஓராங் அஸ்லிப் பிரிவினரான செமாய் மக்களோ பிள்ளைகளை அடித்து வளர்ப்பதில்லை என்று அவர்களிடையே தங்கிய மானிடவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். (தமிழ்ப்பள்ளியில் பிரம்படி வாங்கிய என் தலைமுறை இதை நம்பச் சற்றுச் சிரமப்படும்.)

அடைந்தார்களா இல்லையா என்ற கேள்வியை விடுங்கள், அம்மா. சகோங் தாசி வழக்கைத் தேடிப் படியுங்கள். விமான நிலைய நெடுஞ்சாலைக்காக சிலாங்கூரின் டெங்கிலில் தெமுவான் என்ற ஓராங் அஸ்லிப் பிரிவினரின் நிலத்தை எடுத்துக்கொண்டு, அது அவர்களுக்குச் சொந்தமே இல்லை என்று அரசுத் தரப்பினர் வாதாடினார்கள். 2002இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் தெமுவான் மக்களுடைய பாரம்பரிய நில உரிமையை ஏற்றது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. உங்கள் கட்டுரைக்கு அதில் நிறைய விஷயம் கிடைக்கும்.

கேள்வி (வாசகி, பிரிக்பீல்ட்ஸ்): வாழையிலை விருந்தில் கரண்டியால் சாப்பிடுவது நாகரிகக் குறைவா?

பதில்: இலை கிழியும், ரசம் மடியில் இறங்கும். மற்றபடி உங்கள் விருப்பம்.