இரண்டு முனையும் ஆண்

கேள்வி: எங்கள் கல்லூரிக் கணினித் துறை விழாவுக்கு 10 நிமிட நகைச்சுவைத் துணுக்கு ஒன்று தயார் செய்தோம். ஆணை ஆண் காதலித்தால் ‘ரெண்டு பக்கமும் ஆண் பின்னு, எதுல சொருகுறது?’ இருபாலீர்ப்புக்கு ‘டூயல் சிம்மு, எதுல கூப்பிட்டாலும் எடுப்பாப்ல.’ திருநங்கைக்கு ‘ஜெண்டர் சேஞ்சர்.’ யார் மேலும் ஈர்ப்பு வராதவருக்கு ‘ஏரோப்ளேன் மோடு.’ கடைசியில் அப்பா வேடத்தில் ஒருவன் வந்து ‘ஒரு ஃபார்மட் அடிச்சா எல்லாம் சரியாப் போகும்’ என்பான், திரை விழும். ஒத்திகை பார்த்த பேராசிரியை நிறுத்திவிட்டார். கணினியைத்தானே ஐயா கிண்டல் செய்தோம்? மதுரைப் பக்கத்திலேயே நக்கலுக்குத் தடை என்றால் எப்படி?
— பெயர் வேண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர், திருமங்கலம்.

பதில்: தடை என்று ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள் தம்பி? விடைத்தாள் திருத்தியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் ஹார்டுவேர் படித்தவர்கள் எழுதிய ஐந்து துணுக்கில் நாலரை தப்பு. பேராசிரியை என்ன காரணம் சொன்னாரோ, எங்களுக்கு இந்தக் காரணமே போதும்.

முதல் துணுக்கு. உங்கள் ஆய்வகத்தில் மானிட்டருக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். வி.ஜி.ஏ. கேபிளின் இரண்டு முனையிலும் 15 பின் நீட்டிக்கொண்டிருக்கும், இப்படி நீட்டுவதுதான் ‘ஆண்’, அதை வாங்கிக்கொள்ளும் துளை ‘பெண்’. லேன் கேபிளை எடுங்கள், இரண்டு முனையும் ஒரே ஜாதி பிளக். கணினி உலகில் இரண்டு பக்கமும் ‘ஆண்’ என்பதுதான் நடைமுறை, ஒரு பக்கம் ஆணும் மறுபக்கம் பெண்ணும் இருந்தால் அதற்கு எக்ஸ்டென்ஷன் கேபிள் என்று பெயர், நீளம் பத்தாதபோது வாங்குவது. ஆண், பெண் என்ற பேச்சே கடைக்காரர் வழக்கு. யு.எஸ்.பி. விதிமுறை ஆவணம் ‘பிளக்’, ‘ரிசப்டகிள்’ (சாக்கெட்) என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறது. காரணம் உண்டு. டைப்-சி சாக்கெட்டுக்குள் நடுவில் ஒரு நாக்கு இருக்கிறது, அதன் மேலே 12, கீழே 12, ஆக 24 தொடுமுனைகள். பிளக்தான் வெறும் கூடு, நாக்கின் மேல் போய்க் கவிகிறது. இதில் யார் ஆண், யார் பெண் என்று உங்கள் நாடகக் குழு முதலில் ஓட்டெடுப்பு நடத்தட்டும்.

பழைய யு.எஸ்.பி.யில் மட்டும் ஏன் இரண்டு முனையும் வேறுவேறு வடிவம்? கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் என்று அன்றைக்கு முடிவாகிவிட்டது. டைப்-ஏ பக்கம் கணினி, டைப்-பி பக்கம் பிரிண்டர். இரண்டு கணினியை ஏ-க்கு ஏ கேபிளால் இணைத்தால் இரண்டும் 5 வோல்ட்டை எதிரெதிரே தள்ளும், போர்ட் போய்விடலாம். அதனால்தான் அந்த வடிவக் கட்டுப்பாடு. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதில் சம்பந்தமில்லை, அது எசமானுக்கும் ஏவலாளுக்குமான ஏற்பாடு. 2014-ல் டைப்-சி வந்தபோது அந்த வடிவ வித்தியாசத்தையே எடுத்துவிட்டார்கள். இரண்டு முனையும் ஒன்று. புரட்டிச் சொருகினாலும் வேலை செய்யும். வெள்ளியம்பலத்தில் நடராசரே கால் மாறி ஆடி நிற்கிற ஊர் இது, புரட்டிப் போடுவதற்கு நாம் அதிர்ச்சி அடையக்கூடாது. எந்தப் பக்கமாகச் சொருகியிருக்கிறது, யார் மின்சாரம் கொடுப்பது, யார் வாங்குவது எல்லாவற்றையும் சி.சி. என்ற இரண்டு சிறு பின்கள் வழியாகத் தங்களுக்குள் பார்த்துக்கொள்கின்றன. கொடுப்பவர் பக்கம் மேலிழுக்கும் மின்தடை, வாங்குபவர் பக்கம் 5.1 கிலோ ஓம் கீழிழுக்கும் மின்தடை. இரண்டு வேலைக்கும் தயாரான கருவி என்றால் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டே இருக்கும். பவர் டெலிவரி என்ற மின்சாரப் பேச்சுவார்த்தை மொழி தெரிந்த கருவிகள் நடுவழியில்கூட வேலையை மாற்றிக்கொள்ளும், கேபிளைப் பிடுங்க வேண்டியதில்லை.

உங்கள் துணுக்கு இங்கேதான் கிடக்கிறது தம்பி, நீங்கள் கவனிக்கவில்லை. ஒரே பால் இணையரைப் பார்த்தால் நம் ஊரில் விழுகிற முதல் கேள்வி, ‘இதுல யாரு புருஷன், யாரு பொண்டாட்டி?’ ஒரு பெரியப்பா வேடம் போடுங்கள். இரண்டு டைப்-சி கருவிகளுக்கு நடுவில் போய் நின்று இதையே கேட்கட்டும். ‘அதை நாங்க சி.சி.ல பேசிக்கிட்டோம் பெரியப்பா, நீங்க சார்ஜ் ஏறுதான்னு மட்டும் பாருங்க’ என்று ஒரு கருவி சொல்லட்டும். விசாரிக்க வந்தவர்தான் இப்போது சிரிப்புக்கு ஆள். பழைய துணுக்கில் காதலித்தவன் ஆளாக இருந்தான்.

இதே இடத்தில் ஒரு குழியும் உண்டு. 2019-ல் வந்த ராஸ்ப்பெரி பை 4 என்ற சிறு கணினிப் பலகையில் இரண்டு சி.சி. பின்னுக்கும் தனித்தனியே வைக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் மின்தடையை ஒன்றாகவே வைத்து இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். சாதாரணக் கேபிளில் ஓடியது. உள்ளே சிப் வைத்த விலை கூடிய கேபிளைப் போட்டால், சார்ஜர் அந்தப் பலகையை ஏதோ ஆடியோ அடாப்டர் என்று நினைத்து மின்சாரமே கொடுக்கவில்லை. ‘படிக்காத அப்பத்தா ஏத்துக்கிட்டா, படிச்ச மாமா ஏத்துக்கல’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். அங்கே பிழை பலகையில்தான் இருந்தது, அடுத்த பதிப்பில் பலகையைத்தான் திருத்தினார்கள். உவமையைத் தொடர்ந்து போனால் ‘பையனைத் திருத்து’ என்ற இடத்தில் கொண்டுபோய் விடும். எந்த உவமையையும் மேடைக்கு ஏற்றுமுன் பழுது எந்தப் பக்கம் விழுகிறது என்று ஒருமுறை மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

டூயல் சிம் துணுக்கு. பெரும்பாலான போன்களில் இரண்டு சிம்மும் காத்திருக்கும், ஆனால் ரேடியோ ஒன்றுதான். ஒரு சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றதற்கு அழைத்தால் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்றுதான் வரும். ‘எதுல கூப்பிட்டாலும் எடுப்பாப்ல’ என்பது ஆக மின்னணுவியலிலேயே பொய். இருபாலீர்ப்பாளர் என்றால் ஒரே நேரத்தில் இரண்டு பேரோடு சுற்றுகிறவர் என்ற எண்ணத்தைத்தான் நீங்கள் சிம் என்ற பெயரில் ஏற்றியிருக்கிறீர்கள். திருத்துவதற்கு ஒரே வரி போதும். சந்தேகப்படுகிற காதலி, ‘உனக்கு ரெண்டு சிம் ஆச்சே!’ இவன், ‘லைன்ல நீ இருக்கேல்ல, இன்னொன்னு எப்படிடி அடிக்கும்?’

ஏரோப்ளேன் மோடு பாதி சரி, அந்த அரை மதிப்பெண் இதற்குத்தான். சிக்னல் இல்லாவிட்டாலும் அலாரம் அடிக்கும், கேமரா எடுக்கும், பாட்டுப் பாடும், கருவி முழுசாகத்தான் இருக்கிறது. ஆனால் விமானம் இறங்கினால் அந்த மோடை எடுத்துவிடுவார்களே. ‘தரை தட்டட்டும், சரியாயிடுவா’ என்றுதான் அந்தப் பெண்ணின் வீட்டிலும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சிம் போடும் இடமே இல்லாத வைஃபை டேப்லெட் என்று மாற்றுங்கள். அதை யாரும் ரிப்பேருக்குக் கொண்டுபோவதில்லை.

ஜெண்டர் சேஞ்சர். ஆணும் ஆணுமாகவோ பெண்ணும் பெண்ணுமாகவோ உள்ள இரண்டு முனைகளைச் சேர்க்க நடுவில் போடுகிற இந்த உருப்படியை உடைத்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே சிப்பும் கிடையாது, சர்க்யூட்டும் கிடையாது, இந்தப் பக்கப் பின்னிலிருந்து அந்தப் பக்கப் பின்னுக்கு நேரே கம்பி. ஓடுகிற சிக்னல் துளியும் மாறாது. ‘நான் முன்பும் இதேதான், வெளியேதான் பொருந்தவில்லை’ என்று திருநங்கைகள் சொல்லிவருவதற்கு இது பக்கத்தில் வரும் என்றாலும், இந்தத் துணுக்கை நாங்கள் திருத்தித் தரமாட்டோம். கடையில் தொங்குகிற பிளாஸ்டிக் துண்டை ஓர் ஆளுக்குப் பட்டப்பெயராக வைத்தால் சபைக்கு நினைவிருப்பது பட்டப்பெயர் மட்டும்தான், மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் அதைக் கேட்கப்போவது நீங்கள் இல்லை. திருநங்கை பாத்திரம் வேண்டுமென்றால் சிப் வடிவமைப்பவராக வையுங்கள். சோஃபி வில்சன் வகுத்த ஏ.ஆர்.எம். கட்டளைத் தொகுப்பில் 1985-ல் முதல் சிப் ஓடியது. நீங்கள் இந்தக் கேள்வியை எழுதி அனுப்பிய போன் அந்த வம்சத்தில் வந்தது. அவர் திருநங்கை. சிப் வடிவமைப்பின் இன்னொரு முன்னோடி லின் கான்வேயை 1968-ல் ஐ.பி.எம். திருநங்கை என்ற இதே காரணத்துக்காக வேலையை விட்டு அனுப்பியது, மன்னிப்புக் கேட்க 2020 வரை ஆயிற்று. 52 வருட ரெஸ்பான்ஸ் டைம்! இதை வைத்து ஐ.பி.எம்.மைக் கிண்டலடியுங்கள், நாங்களும் கை தட்டுகிறோம்.

ஒன்று விட்டுப்போயிற்று. பாலினத்தை எண்ணால் குறிக்க ஒரு சர்வதேசத் தரநிலை இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 5218. தெரியவில்லை என்றால் 0, ஆண் 1, பெண் 2, பொருந்தாது என்றால் 9. கணினி மாணவர்கள் இதை வைத்து ஏதாவது செய்யலாம் என்று ஆசைப்படுவீர்கள். வேண்டாம், தமிழ் மேடையில் அந்த 9 என்ன வசவாக ஒலிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இனி அந்த ஃபார்மட். போனை ஃபேக்டரி ரீசெட் செய்தால் அழிவது பயனர் தரவு மட்டும், படமும் தொடர்பு எண்களும் போகும். சிப் செய்யும்போதே உள்ளே பதித்த பூட் ரோம் (ROM) அப்படியே இருக்கும், மறுபடி அங்கிருந்துதான் எழும். அதை மாற்றியே தீருவேன் என்று தப்பான ஃபர்ம்வேரை (கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருளை) ஏற்றுகிறவர் கையில் மிஞ்சுவது செங்கல், ரிப்பேர்க் கடை மொழியில் டெட். ஆள் விஷயத்திலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். நீங்கள் படிக்கிற கணினியியலுக்கு 1936-ல் அடித்தளம் போட்ட ஆலன் டூரிங்குக்கு, ஓர் ஆணோடு உறவு வைத்த குற்றத்துக்காக 1952-ல் தண்டனை. சிறைக்குப் பதிலாக ஓராண்டு ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை. 1954 ஜூன் 7 அன்று சயனைடால் இறந்தார். அவர் அம்மா பிறந்தது போத்தனூரில், தாத்தா மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். டூரிங் பெயரில் 2012-ல், அவர் பிறந்த நூற்றாண்டையொட்டி, மதுரையில் வானவில் விழாவே நடந்திருக்கிறது. உங்கள் துறை விழாவுக்கு அது முன்னோடி என்று சொல்லிக்கொள்ளலாம்.

அதே ஜூன் 7, வருடம் மட்டும் 2021. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் வீட்டு எதிர்ப்பால் சென்னைக்குப் போய்ப் பாதுகாப்புக் கேட்டார்கள். அந்த வழக்கில்தான் அன்றைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ‘ஃபார்மட்’ வைத்தியத்தைத் தடை செய்யச் சொன்னது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இது தனக்குப் புரியாத விஷயம் என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் உத்தரவு எழுதினார். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அப்படி வைத்தியம் செய்வதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்துவிட்டது. ஆக, உங்கள் துணுக்கில் அப்பா சொல்வதை ஒரு டாக்டர் செய்தால் அவர் பதிவுக்கே ஆபத்து. அந்த அப்பாவை நீக்காதீர்கள், நல்ல பாத்திரம். ஃபார்மட் அடித்துவிட்டு ஆவலாக ஆன் செய்து பார்க்கட்டும். பையன் அதே பையன். காணாமல் போனது அப்பாவின் தொடர்பு எண் மட்டும்.

நக்கலுக்குப் பஞ்சமா என்றால், படிவங்களைப் பாருங்கள் தம்பி, அட்சய பாத்திரம். ஆதாரில் மூன்று தேர்வு இருக்க, கல்லூரி மென்பொருளில் பாலினத்தை ஆம்-இல்லை என்று ஒரே பிட்டில் அடக்கி வைத்திருப்பார் ஒரு புண்ணியவான். மாவட்ட ஆட்சியர் தந்த சான்றிதழோடு திருநம்பி ஒருவர் வந்து நின்றால் அந்தத் திரை ‘செல்லாத உள்ளீடு’ என்னும். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தீர்ப்பான வழக்கும் ஏறக்குறைய இதுதான். திருநங்கை ஒருவரின் திருமணத்தைப் பதிவாளர் பதிய மறுத்தார், ‘மணமகள்’ என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம் என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் சொன்னார். தரவு சரி, அதை அடைக்கிற கட்டமைப்பான ஸ்கீமாதான் தப்பு. ஆண், பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காத உடலமைப்போடு பிறக்கும் ஊடுபால் குழந்தைகளின் உடலைப் படிவத்தின் இரண்டு கட்டத்துக்குள் அடக்க அறுவை செய்யக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இந்தப் பகுதியில் சிரிப்பு வேண்டாம்.

ஒரே பால் திருமணத்துக்கு எங்களிடம் ஒரு துணுக்கு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். 2018 செப்டம்பர் 6, ஒரே பால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் தளர்த்தியது. திரையில் ‘புதிய கருவி கண்டறியப்பட்டது.’ எல்லோரும் கை தட்டுகிறார்கள். 2023 அக்டோபர் 17, ஒரே பால் திருமணத்துக்குச் சட்டம் செய்வது நாடாளுமன்றத்தின் வேலை என்றது அதே நீதிமன்றம். திரையில் ‘டிரைவர் கிடைக்கவில்லை. நாடாளுமன்றத்தைத் தொடர்புகொள்ளவும்.’ அப்படியே வட்டம் சுற்றிக்கொண்டிருக்கட்டும், அடுத்த துணுக்குக்குப் போய்விடுங்கள்.

சொற்களுக்குத் தமிழ்நாடு அரசு 2022-ல் அரசிதழில் ஒரு பட்டியலே வெளியிட்டிருக்கிறது. எழுத்துப் பிரதியைக் கொண்டுபோகுமுன் அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், பேராசிரியை அதை வைத்துத்தான் பார்ப்பார். 10 நிமிடம் அதிகம், 7 போதும். புரொஜெக்டருக்குக் கல்லூரிக் கேபிளை நம்பாமல் எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடையில் கேட்கும்போது கடைக்காரரே சொல்வார், ‘ரெண்டு பக்கமும் மேல் (male) தம்பி, அதான் ரெகுலர்.’