உண்ணி, உந்தி இரண்டும் வேண்டாம்

கேள்வி: கற்பனை உயிரியல் கதைக்காக, வேற்றுக் கோளின் கடலில் மிதக்கும் ஒரு கூட்டுயிரை வரைந்து வைத்திருக்கிறேன். நூற்றுக்கணக்கான சிற்றுயிர்கள் ஒட்டிக்கொண்டு ஒரே உடலாக வாழும். பாகங்களுக்குத் தலை, கை, வயிறு என்று எழுதினால் அபத்தமாக இருக்கிறது. கிரேக்கப் பெயர்களை இரவல் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் அந்தப் பெயர்களை எப்படிக் கட்டினார்கள் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். நம் கடல்களில் உள்ள சைஃபனோஃபோர்கள் என்கிற கூட்டுயிர்களில் ஒவ்வோர் உறுப்பினரையும் ஸூயிட் என்பார்கள். இரை செரிப்பது காஸ்ட்ரோஸூயிட், அதாவது வயிற்றுயிர், இனப்பெருக்கத்துக்கானது கோனோஸூயிட். செய்யும் வேலை முன்னால், உயிர் என்ற சொல் பின்னால், அவ்வளவுதான் சூத்திரம். எனவே பெயர் வைக்கும் முன் கேட்க வேண்டியது ஒன்று: இந்தப் பாகம் தனி உயிரா, அல்லது ஓர் உயிரின் உறுப்பா? போர்ச்சுகீசியப் போர்க்கப்பல் என்கிற ஃபைசாலியா சைஃபனோஃபோரின் மிதவை பார்க்கத் தனி ஆள் மாதிரி இருக்கும், ஆனால் அது ஸூயிட் இல்லை, லார்வாவின் ஒரு முனை உட்குழிந்து உருவான வாயுப் பை.

தோற்றத்தை நம்பிப் பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரையோசோவன்கள் என்கிற இன்னொரு வகைக் கூட்டுயிர்கள் சாட்சி. அவற்றில் சிலவற்றின் மேல் குட்டிப் பறவைத் தலை போல ஒன்று காம்பில் ஆடிக்கொண்டு, அலகைத் திறந்து, பக்கத்தில் வந்ததை டப்பென்று கவ்வும். அதனால் அவிகுலேரியம், 'சின்னப் பறவை' என்று பெயர். உண்மையில் அது தலையே இல்லை, ஒரு முழு ஸூயிட்! அந்த அலகு, சாதாரண ஸூயிட்டின் வாசலை மூடும் கதவு உருமாறி வந்தது. அதற்குத் தானே சாப்பிடக்கூட முடியாது, பக்கத்து வீட்டார் ஊட்ட வேண்டும்.

சரி, தமிழில் வைப்பதென்றால் எனக்கு ஆசைதான், ஆனால் முதலில் வாயில் வருவதை எழுதிவிடாதீர்கள். உண்பது 'உண்ணி' என்றால் நாய்மேல் ஒட்டும் உண்ணிதான் வரும், உந்தித் தள்ளுவது 'உந்தி' என்றால் தொப்புள். வினைத்தொகையாகக் கட்டுங்கள்: உண்ணுயிர், நீந்துயிர், ஈனுயிர். தனி உயிர்களுக்கு மட்டும் இந்த '-உயிர்' வால். வெறும் உறுப்புகளுக்கு மிதவை, தண்டு, தூவி என்று மொட்டையாக விட்டுவிடுங்கள், வாசகர் பெயரைப் பார்த்தே எது ஆள், எது உறுப்பு என்று பிரித்துக்கொள்வார். அப்புறம், தண்டு நெடுக ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வரும் கொத்துக்கும் ஒரு பெயர் தேவைப்படும் (சைஃபனோஃபோர்களில் கார்மிடியம்), 'கணு' என் சிபாரிசு.

தலை, கை எல்லாவற்றையும் முழுக்கத் தூக்கி எறியவும் வேண்டாம். கதையில் அதை முதலில் பார்க்கிற மாலுமி 'தலை' என்றுதானே கத்துவான், கத்தட்டும்.