நிருபர், வக்கீல், கதைக்காரர்: கேள்வி பதில்

நிருபராக இருந்து, சட்டம் படித்து, இப்போது செஷன்ஸ் கோர்ட்டில் வழக்கு நடத்துகிறேன், கதையும் எழுதுகிறேன். கேளுங்கள்.

பத்திரிகை வேலையை விடாமல் வக்கீல் தொழில் செய்யலாமா சார்?
சம்பளத்துக்கு முழுநேர வேலை என்றால் முடியாது. பார் கவுன்சில் விதி 49 தடுக்கிறது. கட்டுரை, பத்தி எழுதலாம். விதி 51 இடம் தருகிறது.

நிருபர் அனுபவம் கோர்ட்டில் உதவுமா?
ரொம்பவே. எது எப்போது நடந்தது என்று கேட்பது நிருபர் பழக்கம். வழக்குக் கட்டைப் பிரித்ததும் நான் தேடுவது இரண்டு நேரம்: எஃப்ஐஆர் எப்போது பதிவானது, மாஜிஸ்திரேட் கைக்கு எப்போது போனது. நடுவில் இடைவெளி நீண்டால் குறுக்கு விசாரணை அங்கேதான் தொடங்கும்.

கதையில் கோர்ட் வசனத்துக்குச் சாட்சியத்தை அப்படியே போடலாமா அண்ணா?
வேண்டாம். "எனக்கென்ன சாமி தெரியும், மாட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்" என்று ஒரு பாட்டி கூண்டில் சொல்வார். கோர்ட் பதிவில் "நான் மாட்டுடன் நின்றிருந்தேன்" என்று ஏறும். வக்கீல் கேட்ட கேள்வியும் அவர் தடுமாறியதும் பெரும்பாலும் அதில் இருக்காது. கதைக்கு வேண்டியது பாட்டி பேசியதுதான். கோர்ட்டில் போய் உட்கார்ந்து கேளுங்கள்.

பாகப்பிரிவினையில் அண்ணன் ஏமாற்றுகிறார்...
பத்திரங்களோடு உங்கள் ஊர் சிவில் வக்கீலைப் பாருங்கள்.

நம்மிடம் வழக்கு கொடுத்த கட்சிக்காரர் கதையைப் பெயர் மாற்றி எழுதலாமா?
கூடாது. அவர் நம்பிச் சொன்னதை, சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது. புதிய சாட்சியச் சட்டம், பிரிவு 132. வழக்கு முடிந்தாலும் இந்தக் கடமை முடியாது.

தீர்ப்பே வெளியில் இருக்கிறதே சார்?
தீர்ப்பில் இருப்பது சரி. உங்கள் அறையில் அழுதுகொண்டே சொன்னது தீர்ப்பில் இல்லையே. நீங்கள் எழுத ஆசைப்படுவது அதைத்தான்.

அப்படியானால் வக்கீல் எவரும் கதை எழுத முடியாது!
ஏன் முடியாது? வாய்தா வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் பஸ் இருக்கிறது, குமாஸ்தா இருக்கிறார். பெயரை மாற்றினாலும் தெருக்காரர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் என்ன பயன்? அவதூறு வழக்கிலும் அதைத்தான் பார்ப்பார்கள். பாலியல் வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளிப்பட்டால் 2 ஆண்டு வரை சிறை. பிஎன்எஸ் (புதிய தண்டனைச் சட்டம்) பிரிவு 72. திரும்பவும் சொல்கிறேன், கட்சிக்காரரைத் தொடாதீர்கள்.

டிவி வேலையில் இருந்துகொண்டே பிராக்டிஸ்...?
முதல் பதிலைப் படியுங்கள். இதையே எத்தனை பேர் கேட்பீர்கள்?

கட்சிக்காரரே "எழுதுங்க" என்றால்?
வெளிப்படையான சம்மதம் இருந்தால் பிரிவு 132 தடுக்காது. ஆனால் மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது கேட்காதீர்கள். உங்களையே நம்பி இருப்பவரால் அப்போது "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. எல்லாம் முடிந்தபின் கேளுங்கள். எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.