அலர்ஜி ஊசியைப் பாதியில் நிறுத்தலாமா?

கேள்வி: தூசி அலர்ஜிக்காக எட்டு மாதமாக ஊசி போட்டுக்கொள்கிறேன். தும்மலும் மூக்கடைப்பும் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஆனால் ரத்தப் பரிசோதனையில் அலர்ஜியைக் காட்டும் ஐஜிஇ (IgE) அளவு குறையவே இல்லை. எனக்கு ஆகாத பொருளையே உடம்பில் ஏற்றுவது எப்படி மருந்தாகும்? இப்போதே நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து இப்போது நிறுத்தாதீர்கள். தும்மல் அடங்குவது வேறு, உடம்பு அந்தப் பொருளைச் சகித்துக்கொள்ளப் பழகுவது வேறு. முதலாவது சீக்கிரம் வந்துவிடும். இரண்டாவதற்குத்தான் வருடக்கணக்கில் ஆகும்.

தூசியில் வாழும் நுண்ணிய உண்ணிகளின் புரதத்தை உங்கள் நோய் எதிர்ப்பு மண்டலம் எதிரியாக எடுத்துக்கொண்டு, ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை உருவாக்கி வைத்திருக்கிறது. அது மூக்கின் உட்பூச்சில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். தூசி மூக்கில் பட்டவுடன் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் என்ற எரிச்சலூட்டும் பொருளைக் கொட்டுகின்றன. அப்புறம் தும்மல்தான்.

அதே புரதத்தை மிகக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டித் தோலுக்கடியில் செலுத்தினால் வேறொன்று நடக்கிறது. லண்டனில் லெனார்ட் நூன் என்ற மருத்துவர் புல் மகரந்தச் சாற்றைக் கொண்டு இதைச் செய்து 1911-லேயே எழுதினார். அது ஏன் பலிக்கிறது என்பது புரியத்தான் பல பத்தாண்டுகள் பிடித்தன. எதிர்ப்பைத் தூண்டும் செல்களை அடக்கிவைக்கும் 'ஒழுங்குபடுத்தும் டி செல்கள்' நம் உடம்பில் உண்டு. 1995-ல் அவற்றை அடையாளம் காட்டிய ஷிமோன் சகாகுச்சிக்கும், அவற்றை இயக்கும் மரபணுவைக் கண்டறிந்த மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் 2025-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் ஊசி, தூசிப் புரதத்தை அடையாளம் காணும் இத்தகைய செல்களைப் பெருக்குகிறது. அவை ஐஎல்-10 போன்ற சமிக்ஞைப் பொருள்களைச் சுரந்து மற்ற செல்களின் வேகத்தைத் தணிக்கின்றன.

சரி, ஐஜிஇ ஏன் குறையவில்லை? சிகிச்சையின் தொடக்கத்தில் அது கொஞ்சம் கூடுவதே வழக்கம். பிறகு மிக மெதுவாகத்தான் இறங்கும். இதற்கிடையில் ஐஜிஜி4 என்ற இன்னொரு எதிர்ப்பொருள் உருவாகி, தூசிப் புரதம் ஐஜிஇ-யைச் சென்றடையும் முன்பே அதைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் ஐஜிஇ எண்ணைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். தொல்லை குறைந்திருக்கிறதா, மாத்திரை தேவைப்படுவது குறைந்திருக்கிறதா என்பதே சரியான அளவுகோல்.

குறைந்தது மூன்று ஆண்டுகள் என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புல் மகரந்த அலர்ஜிக்கு, இதே சிகிச்சையின் இன்னொரு வடிவமான, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை இரண்டு ஆண்டுகள் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். நிறுத்திய ஓராண்டில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2017-ல் இந்த முடிவு வெளியானது.

ஊசி போட்டதும் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே இருங்கள். கடுமையான எதிர்வினை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும். அன்று மூச்சிரைப்பு இருந்தாலோ, ரத்த அழுத்தத்துக்குப் புதிதாக மாத்திரை தொடங்கியிருந்தாலோ, ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சில வாரங்கள் தவறிப்போனால் பழைய அளவிலேயே தொடரச் சொல்லாதீர்கள். அளவைக் குறைத்துத்தான் மீண்டும் ஏற்ற வேண்டியிருக்கும்.